விலையுயர்ந்த கைக்கடிகாரத்தின் பூட்டு: அறிகுறி பார்த்துப் பழுது தீர்க்கும் வழி

கைக்கடிகாரத்தின் இயந்திரத்தைச் சர்வீஸ் செய்யத் தயங்காமல் செலவழிப்பவர்கள், அதை மணிக்கட்டில் பிடித்து வைத்திருக்கும் பூட்டைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஓய்வுபெறும் நாளில் தோட்ட நிர்வாகம் அணிவித்த ஒமேகா, வளைகுடாவில் உழைத்து வாங்கிய ரோலெக்ஸ், கலியாணத்துக்கு மாமனார் போட்ட டியூடர் என்று ஹட்டனில் எங்கள் மேசைக்கு நல்ல கடிகாரங்கள் வருகின்றன. கண்ணாடி உடைந்து வருபவற்றை விசாரித்தால் கதை பெரும்பாலும் ஒன்றுதான்: பூட்டு திறந்தது, கடிகாரம் சீமெந்துத் தரையில் விழுந்தது. அதற்குப் பல வாரங்கள் முன்பிருந்தே அந்தப் பூட்டு ஏதாவது ஓர் அறிகுறியைக் காட்டிக்கொண்டிருந்திருக்கும்.

உங்கள் கடிகாரத்தில் தெரியும் அறிகுறியைக் கீழே தேடுங்கள். செலவில்லாத காரணத்திலிருந்து மேலே ஏறுங்கள். எந்தப் படியில் சரியாகிறதோ அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்யவேண்டியவை

கட்டிலில் துவாயை மடித்து விரித்து அதன்மேல் வைத்துப் பாருங்கள். வெறும் மேசையில் வேண்டாம். செயினைப் பூட்டோடு இணைக்கும் சிறிய ஸ்பிரிங் பின் தெறித்தால் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. பகல் வெளிச்சம், தொலைபேசிக் கமரா, மென்மையான பல் பிரஷ், மரப் பல்குத்தி ஆகியவை போதும்.

*வெறும் பூட்டுச் சோதனை.* கையில் அணியாமல் பூட்டைப் பூட்டுங்கள். 'டிக்' என்ற ஒலி ஒருமுறை தெளிவாகக் கேட்கவேண்டும். பூட்டின் இருபுறமும் செயினைப் பிடித்து மெதுவாக இழுங்கள். பிறகு இலேசாக முறுக்குங்கள். பூட்டின்மேல் மடங்கி மூடும் காப்பு மடல் இருந்தால், மடலைத் திறந்து வைத்துவிட்டு இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். மடலின் துணையின்றி உள்பூட்டு தானாகத் தாங்கவேண்டும். மடல்தான் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால், பழுது தீரும்வரை அந்தக் கடிகாரத்தை அணியவேண்டாம்.

*கழுவுதல்.* நேரத்தைத் திருப்பும் தலைத்திருகு முழுவதும் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். நீர் புகாது என்று அண்மையில் சோதிக்கப்பட்ட கடிகாரமானால், கைபொறுக்கும் இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டு விட்டு, பூட்டைத் திறந்து வைத்துப் பிரஷ்ஷால் தேயுங்கள். பழைய கடிகாரமானால் உடற்பகுதியைப் பொலித்தீனில் சுற்றிவிட்டு, நனைத்துப் பிழிந்த பிரஷ்ஷால் பூட்டை மட்டும் தேயுங்கள். கொதிநீர், எலுமிச்சை, புளி, பற்பசை ஒன்றும் வேண்டாம். நன்றாக உலரவிடுங்கள். மழைக்காலத்தில் இங்கே உலர்வதற்கு ஒரு நாள் பிடித்தாலும் பொறுத்திருங்கள்.

தேங்காயெண்ணெய் மட்டும் விடவே விடாதீர்கள். 24 பாகை செல்சியஸுக்குக் கீழே அது உறையத் தொடங்கிவிடும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவில்தான் இருக்கிறது. உறைந்த எண்ணெய் தேயிலைத் தூசியைப் பிடித்துக்கொண்டால் பூட்டுக்குள் மெழுகு ஊற்றியதற்குச் சமம். எண்ணெய் வேண்டியிருந்தால், உலர்ந்த பிறகு கீல்களில் மட்டும், ஊசி முனையில் நிற்கும் அளவு கடிகார எண்ணெய் வைத்து, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள்.

அறிகுறி: பூட்டு தானாகத் திறந்துகொள்கிறது

எப்போது திறக்கிறது என்பதைக் கவனியுங்கள். பாதி விடை அதிலேயே கிடைக்கும்.

*ஸ்வெட்டர், ஜாக்கெட் அணியும்போது மட்டும் திறந்தால்.* பூட்டில் குறை இல்லாமலும் இருக்கலாம். இறுக்கமான கைவிளிம்பு காப்பு மடலின் நுனியில் மாட்டி, கையை இழுக்கும்போது அதைத் தூக்கிவிடுகிறது. மலையகத்தில் இதை அடிக்கடி காண்கிறோம். சிவனொளிபாத மலைக்கு ஏறிவிட்டு வந்தவர்கள் சொல்வதும் இதுதான். குளிருக்கு இரண்டு அடுக்கு உடை, கைப்பிடிக் கம்பியைப் பற்றிய கை, உடைக்குள் சத்தமில்லாமல் திறந்த பூட்டு. ஸ்வெட்டரைப் போட்ட பிறகு கடிகாரத்தைக் கட்டிப் பாருங்கள். பிறகும் மடல் எளிதாகத் தூக்கிக்கொண்டால், மடலின் பிடி தேய்ந்துவிட்டது. கீழே 'எப்போது வேண்டுமானாலும்' என்ற பகுதிக்குப் போங்கள்.

*மேசையில் கை வைக்கும்போதும் பஸ் கம்பியைப் பிடிக்கும்போதும் திறந்தால்.* பூட்டு மணிக்கட்டின் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணிகளைக் கழற்றியவர் ஒரே பக்கத்தில் கழற்றியிருந்தால் பூட்டு ஓரத்துக்கு நகர்ந்து, அதன் பொத்தான் எதிலாவது இடித்துக்கொண்டே இருக்கும். ஒரு பக்கத்துக் கண்ணியை மறுபக்கத்துக்கு மாற்றினால் போதும். திருகுக் கண்ணியானால் கடிகாரக்காரர் அங்கேயே செய்து கொடுப்பார். பூட்டை மாற்றவேண்டும் என்று அவர் சொன்னால், முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

*எப்போது வேண்டுமானாலும் திறந்தால்.* முதல் சந்தேகம் அழுக்கு. தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் இடத்திலும் சலிக்கும் இடத்திலும் நிற்கும் அலுவலர்களின் பூட்டைத் திறந்தால், நாக்கு போய் விழும் குழியில் பழுப்பு நிறப் பஞ்சு அடைத்திருக்கும். சவர்க்காரமும் வியர்வையும் சேர்ந்து அது இறுகிவிடும். நாக்கு முழு ஆழத்துக்கு இறங்காததால் பாதிப் பிடியில் நிற்கிறது. பல்குத்தியால் குழியைத் தோண்டி, கழுவி, உலர்த்தி, வெறும் பூட்டுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். இங்கேயே தீர்ந்துவிடுவது சாதாரணமாக நடப்பதுதான்.

தீரவில்லையானால் தகட்டின் விசை தளர்ந்திருக்கலாம். 1970களிலும் 80களிலும் வந்த ரோலெக்ஸ்களின் பூட்டுகூட மெல்லிய உருக்குத் தகட்டை அச்சில் அழுத்தி மடித்துச் செய்ததுதான். அந்தத் தகடு சற்று வளைந்த நிலையில் விறைத்து நின்றால்தான் பூட்டுப் பிடிக்கும், நாளடைவில் நேராகிவிடும். கைதேர்ந்த கடிகாரக்காரர் தகட்டைச் சற்று வளைத்து விசையைத் திரும்பக் கொண்டுவருவார். அதை வீட்டில் குறடு வைத்துச் செய்யவேண்டாம். வளைத்து வளைத்து நிமிர்த்திய தகடு ஒருநாள் கீலருகே வெடிக்கும். ஏற்கெனவே வளைத்துக் கொடுத்தது மீண்டும் தளர்ந்துவிட்டால், மறுபடி வளைக்கச் சொல்லாதீர்கள்.

மிஞ்சுவது தேய்மானம். நாக்கின் விளிம்பைக் கமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். கூர்மையான படிபோல் இருக்கவேண்டிய இடம் உருண்டு மழுங்கியிருந்தால் பூட்டை மாற்றுவது ஒன்றே வழி. தங்கப் பூட்டுகளில் இது விரைவாக வரும். 18 கரட் தங்கம் உருக்கைவிட மென்மையானது. இந்த இடத்தில் வேலை உங்கள் கையைவிட்டுப் போய்விட்டது. அந்த நிறுவனத்தின் அதிகாரம் பெற்ற சேவை நிலையத்துக்குத்தான் அனுப்பவேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: பற்றவைத்துத் தரச் சொல்லிப் பூட்டை நகைப் பட்டறையில் கொடுக்காதீர்கள். நம் தட்டார்கள் தங்க வேலையில் வல்லவர்கள். ஆனால் ஊதுகுழல் நெருப்பு பட்டதும் விசைத் தகட்டின் முறுக்கு இறங்கிவிடும். ஒட்டு உறுதியாக இருக்கும், பூட்டுப் பிடிக்காது.

அறிகுறி: நுவரெலியாவில் கழன்று ஆடுகிறது, கொழும்பில் கையை இறுக்குகிறது

"அண்ணன், இரண்டு கண்ணி எடுத்துவிடுங்கள், கையில் நிற்கவில்லை" என்று மார்கழி மாதத்துக் காலையில் கேட்பார்கள். எடுத்துக் கொடுத்தால் அடுத்த வாரம் அதே கண்ணிகளைப் போடச் சொல்லி வருவார்கள். காரணம் எளியது. குளிரில் மணிக்கட்டு சுருங்குகிறது, சூட்டில் வீங்குகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காலையில் அங்கே ஸ்வெட்டருடன் புறப்பட்டவர் ஏ7 வீதியில் கினிகத்தேனை தாண்டி அவிசாவளைக்கு இறங்கும்போதே கடிகாரம் பதியத் தொடங்கிவிடும். ஒரே நாளில் இத்தனை பாகை வெப்ப வேறுபாட்டைக் கடந்து வாழும் நமக்குத்தான் பூட்டின் வடிவமைப்பு முக்கியம். ஆகவே கண்ணியில் கை வைக்கும் முன் பூட்டைப் பாருங்கள்.

*பூட்டின் பக்கவாட்டில் வரிசையாகச் சிறு துளைகள் இருந்தால்.* ஸ்பிரிங் பின்னை ஒரு துளை நகர்த்தினால் சில மில்லிமீற்றர் கூடும் அல்லது குறையும். பின்னை அழுத்த ஒரு கூர்முனை வேண்டும். பிரயாணத்தின்போது செய்யக்கூடிய வேலையல்ல. பருவத்துக்கு ஒருமுறை செய்யலாம். நகர்த்திய பிறகு பின்னின் நுனி இரண்டு பக்கத் துளையிலும் முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தால் அது மாட்டவில்லை.

*கருவியில்லாமல் நகரும் பூட்டானால்.* உங்களுக்கு எந்தச் செலவும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பலர் அணிந்துகொண்டிருக்கிறார்கள். ரோலெக்ஸ் சப்மரைனரின் கிளைட்லொக் 2 மில்லிமீற்றர் படிகளில் ஏறத்தாழ 20 மில்லிமீற்றர் வரை நீளும். வேறு பல ரோலெக்ஸ்களில் உள்ள ஈஸிலிங்க், பூட்டுக்குள் மடிந்திருக்கும் ஒரு கண்ணி. விரித்தால் சுமார் 5 மில்லிமீற்றர் கிடைக்கும். டியூடரின் டி-ஃபிட் ஐந்து நிலைகளில் 8 மில்லிமீற்றர் தரும். ஒமேகா சீமாஸ்டர் வகைகள் சிலவற்றில் உட்புறப் பொத்தானை அழுத்தி இழுக்கலாம். கிராண்ட் சீகோவின் செயினில் இந்த வசதி இல்லை என்று அணிபவர்கள் நெடுங்காலம் குறைசொன்னார்கள். 2025 இல் அறிமுகமான சில கடிகாரங்களில் 2 மில்லிமீற்றர் வீதம் மூன்று படிகள் வந்தன. காலையில் குளிருக்கு ஏற்ற அளவில் வைத்துக்கொண்டு, கீழே இறங்கியதும் ஒன்றிரண்டு படி தளர்த்திவிடுங்கள்.

நகரவேண்டிய பூட்டு நகரவில்லையா? பலம் கொடுக்காமல் முதலில் கழுவுங்கள். பல்வரிசைக்குள் தூசி அடைத்திருப்பதே வழக்கமான காரணம். கழுவிய பிறகும் நகராவிட்டால் உள்ளே விசை ஒடிந்திருக்கலாம். திறந்து பார்க்கும் உரிமை சேவை நிலையத்துக்கே.

*இரண்டு பக்கமும் சிறகுபோல் விரியும் பூட்டானால்.* மூடிய பிறகு செயின் இடைவெளியில்லாமல் ஓடுவதுபோல் தெரியும், பார்க்க மிக அழகு. ஆனால் பெரும்பாலும் நுண்ணளவு மாற்ற இடமே இருக்காது. அரைக் கண்ணி கிடைக்குமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சூட்டுக்கு ஏற்ற அளவையே நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். தளர்வு தொல்லைதான், ஆனால் தாங்கலாம். இறுக்கம் கீலையும் பின்னையும் நாள் முழுவதும் இழுத்துக்கொண்டே இருக்கும். மலையகத்துக்கும் கொழும்புக்கும் வாராவாரம் போய்வருபவர் புதிதாக வாங்குவதானால், இந்த வகைப் பூட்டை நான் பரிந்துரைக்கமாட்டேன், கடிகாரம் எவ்வளவு சிறந்ததானாலும்.

சரியான அளவு எது என்ற குழப்பம் இருந்தால்: நண்பகலில், கையைத் தொங்கவிட்டுச் சிறிது நேரம் நடந்த பிறகு, பூட்டுக்கும் தோலுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி நெருடாமல் நுழையவேண்டும்.

அறிகுறி: அழுத்திய பொத்தான் திரும்பி வருவதில்லை

இரண்டு பொத்தான்களில் ஒன்று மட்டும் உள்ளே நின்றுவிட்டால் பூட்டு பாதிப் பிடியில்தான் இருக்கிறது. மூடியிருப்பதுபோல் தோன்றும், நம்பாதீர்கள்.

இளஞ்சூட்டு நீரில் பூட்டை மட்டும் கால் மணி நேரம் ஊறவைத்து, நீருக்குள்ளேயே பொத்தானைப் பலமுறை அழுத்தி விடுங்கள். பழுப்பு நீர் கசிந்து வந்தால் நல்ல அறிகுறி. செயினைக் கழற்ற முடியாவிட்டால் நனைந்த பிரஷ்ஷால் பொத்தானின் விளிம்பைச் சுற்றித் தேயுங்கள். உலர்ந்த பிறகு இரண்டு பொத்தான்களும் ஒரே விரைவில் துள்ளவேண்டும். ஒன்று சோம்பினால் உள்ளே இருக்கும் முடிபோன்ற விசைச் சுருள் துருவேறியோ ஒடிந்தோ இருக்கும். அது தனியாகக் கிடைப்பது அரிது. பெரும்பாலும் பூட்டு முழுவதையும்தான் மாற்றுவார்கள். குண்டூசியால் பொத்தானை நெம்ப முயலாதீர்கள், கீறல்தான் மிஞ்சும்.

அறிகுறி: பூட்டவே வரவில்லை

கழுவுங்கள். பிறகு பூட்டைத் திறந்து, பக்கவாட்டில் கண்மட்டத்தில் வைத்துப் பாருங்கள். மடிப்புத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று நேராகப் படியவேண்டும். ஒன்று கத்தரிக்கோல்போல் விலகியிருந்தால் விழுந்தபோதோ கதவில் இடித்தபோதோ வளைந்திருக்கிறது. தகடு நேராக இருந்தும் பூட்டவில்லையானால் ஸ்பிரிங் பின்னின் நுனி உட்புறம் நீட்டிக்கொண்டு தடுக்கலாம். அளவை மாற்றிய பிறகு தொடங்கிய கோளாறானால் இதுவேதான். பின்னைச் சரியாக மாட்டினால் தீரும். வளைந்த தகட்டைக் கடிகாரக்காரரிடம் கொடுங்கள். அமுக்கிப் பூட்டிக்கொண்டு திரிந்தால் நாக்கும் கெடும்.

அறிகுறி: செயின் பூட்டிலிருந்து கழன்றுவிட்டது

கழன்ற முனையில் ஸ்பிரிங் பின் இருக்கிறதா என்று பாருங்கள்.

*பின் இருக்கிறது, நேராகவும் இருக்கிறது.* நுனியை நகத்தால் அழுத்துங்கள். துள்ளித் திரும்பினால் சரியாக மாட்டாததுதான் காரணம். துள்ளாமல் உள்ளேயே நின்றால் வியர்வையில் துருவேறியிருக்கிறது. புதியதைப் போடுங்கள்.

*பின் வளைந்திருக்கிறது அல்லது காணவில்லை.* கடிகாரத்திலேயே மலிவான உதிரிப்பாகம் இதுதான். இதில் சிக்கனம் பார்ப்பதை என்னால் ஏற்கவே முடியாது. நீளம் மட்டுமல்ல, தடிப்பும் பொருந்தவேண்டும். பொதுவான பின்கள் 1.5 மில்லிமீற்றர் தடிப்பு, சில 1.8, சீகோவின் சுழியோடிக் கடிகாரங்கள் பலவற்றில் உடற்பகுதியில் செயின் சேரும் இடத்தில் 2.5 வரை வரும். பெரிய துளையில் மெல்லிய பின்னைப் போட்டால் பொருந்தியதுபோலத் தோன்றி, ஆடி ஆடித் துளையையே பெரிதாக்கிவிடும். துளை ஏற்கெனவே நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புதிய பின்னும் நிற்காது. அப்போது பூட்டையோ கடைசிக் கண்ணியையோ மாற்றவேண்டும்.

*பின் அல்ல, திருகு கழன்றிருக்கிறது.* திருகின் தலையும் கண்ணியின் மேற்பரப்பும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். எல்லாத் திருகுகளையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒன்று கழன்றால் பக்கத்தில் இன்னொன்றும் தளர்ந்திருக்கக்கூடும். பழைய பசையைத் துடைத்துவிட்டு, திருகின் புரியில் பசையைப் புள்ளியளவு வைத்து இறுக்கவேண்டும். சிறு திருகுகளுக்கான ஊதாநிற லொக்டைட் 222 பசை போதும், நீலநிற 243 உம் பயன்படும். சிவப்பு நிறம் வேண்டவே வேண்டாம். அடுத்தமுறை கழற்றுபவர் திருகையே உடைக்க நேரும். திருப்புளியின் அகலம் திருகுத் தலையிலுள்ள பள்ளத்தின் அகலத்துக்குச் சமமாக இல்லாவிட்டால் தலை சிதையும். அப்படிச் சிதைந்த திருகுகளை நாங்கள் நிறையவே பார்க்கிறோம். சரியான திருப்புளி இல்லாதவர்கள் இதைக் கடையில் கொடுங்கள்.

அறிகுறி: கலகலவென்று ஒலிக்கிறது, பக்கவாட்டில் ஆடுகிறது

பழைய தகட்டுப் பூட்டுக்கு ஓரளவு ஒலி இயல்பு. தாத்தாவின் கடிகாரம் கலகலக்கிறது என்பதற்காக அசல் பூட்டைக் கழற்றிவிட்டுக் கனமான நகல் பூட்டைப் போடாதீர்கள். புதிய திண்மப் பூட்டு திடீரென்று ஆடத் தொடங்கினால்தான் கவலைப்படவேண்டும்: கீலின் ஊசி ஒருபுறம் வெளியே நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் சுத்தியலால் தட்டாமல் அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள். ஊசியில் குறையில்லையானால், செயினைக் கிடையாகப் பிடித்துப் பாருங்கள். அதிகமாகத் தொங்கினால் கண்ணிகள் தேய்ந்திருக்கின்றன. குறை பூட்டில் இல்லை.

அறிகுறி: தோல் பட்டியில் பூஞ்சணம், பூட்டின் இடத்தில் வெடிப்பு

தென்மேற்குப் பருவமழையில் வட்டவளை, மஸ்கெலியா பக்கம் தோல் பட்டி பூஞ்சணம் பிடிக்காமல் இருந்தால்தான் வியப்பு. பதுளைப் பக்கத்தில் அதே தொல்லை ஆண்டின் கடைசி மாதங்களில் வரும். இரவில் பட்டியைப் பெட்டிக்குள் மூடாமல் காற்றாடத் தொங்கவிடுங்கள். நனைந்தால் அடுப்பருகில் வைக்காமல் நிழலில் உலர்த்துங்கள்.

ஊசிக் கொக்கி போட்ட பட்டி தினமும் ஒரே துளையில் மடிந்து அங்கேயே வெடிக்கும். மடிப்புப் பூட்டுக்கு மாற்றினால் தோல் வளைவது பெரிதும் குறையும். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கார்ட்டியே நிறுவனம் இத்தகைய பூட்டைக் கொண்டுவந்துவிட்டது. மாற்றும்போது பூட்டின் அகலமும் பட்டியின் தடிப்பும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். தடித்த பட்டியை மெல்லிய பூட்டுக்குள் திணித்தால் அது முழுதாக மூடாது, முதல் அறிகுறிக்கே திரும்பி வந்துவிடுவீர்கள்.

அறிகுறி: பூட்டுக்குக் கீழே தோல் சிவந்து அரிக்கிறது

சில நாள் அணியாமல் இருந்து, பூட்டின் உட்புறத்தை நன்றாகக் கழுவி உலர்த்தி, பிறகு அணியுங்கள். தேங்கிய சவர்க்காரமும் ஈரமும்தான் பெரும்பாலும் காரணம். சுத்தமான பூட்டை அணிந்தும் அதே இடத்தில் அதே வடிவில் சிவந்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். கடிகாரக்காரரிடம் அல்ல, தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சேவை நிலையத்துக்கு அனுப்பும் முன்

தேய்ந்த நாக்கு, ஒடிந்த விசை, நீள்வட்டமான துளை, நகர்ந்த கீல் ஊசி ஆகிய நான்கில் ஒன்றைக் கண்டால் வீட்டுச் சோதனை முடிந்தது. பூட்டின் உட்புறத்தில் பொறித்திருக்கும் எண்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1970களின் நடுப்பகுதியிலிருந்து 2010 அளவு வரையான ரோலெக்ஸ் பூட்டுகளில் அது செய்யப்பட்ட ஆண்டையும் மாதத்தையும் காட்டும் குறியீடு இருக்கும். அது கடிகாரத்தின் ஆண்டோடு பொருந்தாவிட்டால் உடனே போலி என்று முடிவுகட்டவேண்டாம். முன்பு ஒருமுறை பூட்டு மாற்றப்பட்டிருக்கலாம்.

அசல் பூட்டுத்தான் வேண்டும் என்பதையும், கழற்றிய பழைய பூட்டைத் திருப்பித் தரவேண்டும் என்பதையும் வேலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பழைய கடிகாரத்தை நாளை விற்க நேர்ந்தால் அந்தப் பழைய பூட்டுக்கும் மதிப்பு உண்டு. செயினை மெருகூட்டவேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். மெருகு போடுவது உலோகத்தைச் சுரண்டுவதுதான், விளிம்புகள் மெலியும். கடிகாரம் திரும்பி வந்ததும் கடை வாசலைத் தாண்டுவதற்கு முன்பே, காப்பு மடலைத் திறந்து வைத்து வெறும் பூட்டுச் சோதனையைச் செய்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.